டிக் குறிகளை அழிப்பது எப்போது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அன்றாட வேலைகளை எளிய உரைக் கோப்பில் எழுதி ஒழுங்குபடுத்த உதவும் ஆர்க் மோட் என்ற மென்பொருள் பற்றித் தங்கள் கணினிப் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளது. ஆனால், ஒரே சரிபார்ப்புப் பட்டியலை மீண்டும் பயன்படுத்துவோர், வேலையைத் தொடங்கும்போது பழைய டிக் குறிகளை நீக்கிக்கொண்டால் போதும் என்று அதில் கூறியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாங்கூழ் ஆலைகளில், பெங்களூரா மாம்பழம் வந்து குவியும் பருவத்தில், கூழ் பிழியும் இயந்திரத்தின் சல்லடையைக் கழற்றிக் கழுவுவது, குழாய்களில் காஸ்டிக் சோடா கரைசலை ஓட்டுவது, பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலசுவது என அதே வேலைகள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன. அடுத்த ஷிப்டுக்கு வருபவர் கோப்பைத் திறக்கும்போது, குழாய் அலசியதாக இருக்கும் டிக், சற்று முன் போடப்பட்டதா, நேற்றையதா என்பதை அவர் எப்படி அறிவார்? உண்ணும் பொருள் ஓடும் குழாய் அது. ஆகவே, பட்டியலைக் காலியாக்கும் பொறுப்பு வேலையை முடிப்பவரிடமே இருக்க வேண்டும்.

ஒரு தலைப்பின் கீழுள்ள டிக் கட்டங்கள் அனைத்தையும் வெறுமையாக்க ஆர்க் மோடிலேயே கட்டளை உண்டு. ஆனால், ஒருவர் அதை மறவாமல் கொடுக்க வேண்டும். ஆர்க் செக்லிஸ்ட் என்ற துணைநிரலை ஏற்றி, 'ரீசெட் செக் பாக்சஸ்' என்னும் பண்பைத் தலைப்புக்கு அமைத்துவிட்டால், வேலை முடிந்ததாகக் குறிக்கப்படும்போதே கட்டங்கள் தாமாகக் காலியாகிவிடும். (2021-இல் வந்த 9.5 பதிப்பு முதல் இத்துணைநிரல் ஆர்க் மோடுடன் சேர்ந்து வருவதில்லை. அது அடங்கிய ஆர்க் கன்ட்ரிப் தொகுப்பைத் தனியே நிறுவ வேண்டும்.) நாள்தோறும் திரும்பும் வேலை என்று தேதியில் குறித்திருந்தால், வேலை அடுத்த தேதிக்கு நகரும், முடித்த நேரமும் ஒரு வரியாகப் பதிவாகும்.

இங்கேதான் கவனம் தேவை. அவ்வரி நேரத்தை மட்டுமே சொல்லும். எந்தெந்தக் கட்டங்கள் நிரம்பியிருந்தன என்பதைச் சொல்லாது. இரண்டு வேலைகளை விட்டுவிட்டு ஒருவர் 'முடிந்தது' என்று குறித்தால், எல்லாக் கட்டங்களும் வெறுமையாகி, விடுபட்டதற்கான தடயமும் அத்துடன் அழிந்துபோகும். இதைத் தடுக்கவே 'ஆர்க் என்ஃபோர்ஸ் டுடூ செக்பாக்ஸ் டிபெண்டன்சீஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. அதை இயக்கி வைத்தால், நிரம்பாத கட்டம் ஒன்று இருந்தாலும் வேலையை முடிந்ததாக மாற்ற மென்பொருள் வழக்கமாக இடம் தராது; அப்போதுதான் பதிவிலுள்ள அந்த ஒரு வரி, எல்லாக் கட்டங்களிலும் டிக் இடப்பட்டிருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கும். தடுக்கும் அமைப்பு இல்லாமல் தானாக அழிக்கும் வசதியை மட்டும் பயன்படுத்துவதைவிட, பழைய முறைப்படி தாளில் டிக் இட்டுக் கோப்பில் சேர்த்து வைப்பதே பாதுகாப்பானது என்பேன்.

தங்கள் கணினிப் பக்கத்தில் இதுபற்றி மீண்டும் எழுதும்போது, இவ்விரு அமைப்புகளையும் சேர்த்தே விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.