அலாஸ்காவுக்கு எந்தக் கப்பல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலாஸ்கா கப்பல் பயணம் பற்றித் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரை, ஹாலண்ட் அமெரிக்கா, செலிப்ரிட்டி ஆகிய இரண்டு நிறுவனங்களையும் கட்டணத்தை வைத்தே எடைபோட்டிருந்தது. சந்தடியில்லாமல் ஏழு இரவு ஓய்வெடுக்க நினைக்கும் கணவன் மனைவிக்கு அது போதாது. கப்பல் எந்தப் பனியாற்றுக்குப் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் நாளொன்றுக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்குத்தான் அனுமதி. அதில் பெரும்பங்கு ஹாலண்ட் அமெரிக்காவிடமும் பிரின்சஸ் என்ற இன்னொரு கப்பல் நிறுவனத்திடமும் இருக்கிறது. செலிப்ரிட்டி கப்பல்கள் அங்கே போவதில்லை. ஹப்பார்டு பனியாறு, அல்லது எண்டிகாட் ஆர்ம் என்ற ஒடுங்கிய கடற்கால், இவைதான் அவற்றின் வழக்கமான பாதை. ஹப்பார்டு சாதாரணமானதல்ல; கடலைத் தொடும் அதன் முகப்பே சுமார் 10 கி.மீ. அகலம். ஆனால் மே மாதத்தில் மிதக்கும் பனிக்கட்டிகள் வழியை அடைத்துக்கொண்டால் கப்பல் வெகுதொலைவிலேயே திரும்பிவிடும். எண்டிகாட் ஆர்மில் இன்னும் சிரமம். பெரிய கப்பல்கள் கோடியிலிருக்கும் டாஸ் பனியாற்றைக் காட்டாமலே திரும்புவதும் உண்டு.

கிளேசியர் பேயில் பூங்காக் காவலர்கள் சிறு படகில் வந்து கப்பலில் ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் தருவார்கள். வளைகுடா வாயிலிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. உள்ளே, மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் ஒரு மணி நேரம் போல நின்று, இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பும். அதனால் இடப்பக்க அறையா, வலப்பக்க அறையா என்ற கவலை வேண்டாம். ஹாலண்ட் அமெரிக்கா அன்று முன்தளத்தைத் திறந்துவிட்டு, குளிரில் நிற்பவர்களுக்குச் சூடாகப் பட்டாணி சூப் கொடுக்கும். சைவர்கள் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. டச்சு முறையில் அதில் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். இந்த நிறுவனத்தின் எல்லாப் பயணங்களும் கிளேசியர் பே போவதில்லை என்பதால், பதிவுக்கு முன் பயணத் திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பால்கனி. செலிப்ரிட்டியின் எட்ஜ் வகைக் கப்பல்களில் பெரும்பாலான பால்கனி அறைகளில் வெளியே தனியாக நீட்டிய பால்கனி கிடையாது. அறையின் கோடியில் ஆளுயரக் கண்ணாடி இருக்கும். பொத்தானை அழுத்தினால் அதன் மேல்பாதி கீழே இறங்கும். மழை நாளில் அந்த இடமும் அறையோடு சேர்ந்துகொள்வது வசதிதான். ஆனால் கண்ணாடியை இறக்கினால் குளிர் அறை முழுக்கப் பரவும். காற்று பலமானால் மாலுமிகளே அதைப் பூட்டிவிடுவார்கள். ஹாலண்ட் அமெரிக்காவில் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே உட்காரும் பழைய பாணி பால்கனி. போதாததற்கு, கப்பலைச் சுற்றிவர நடைபாதைத் தளமும் உண்டு. கடலை ஒட்டி இருவரும் பேசிக்கொண்டே நடக்க அதற்கு ஈடு கிடையாது. எந்தக் கப்பலானாலும் பஃபே தளத்துக்கு நேர் கீழே அறை எடுக்காதீர்கள். விடிவதற்குள் நாற்காலி இழுக்கும் சத்தம் எழுப்பிவிடும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு நடுப்பகுதியில் கீழ்த்தள அறை நல்லது.

சாப்பாட்டிலும் இரவு நேரக் கலகலப்பிலும் செலிப்ரிட்டிக்கே என் ஓட்டு. எட்ஜ் கப்பலில் கூடுதல் கட்டணமில்லாமலே நான்கு உணவகங்கள் இருக்கின்றன. இளம் தம்பதி கரீபியனுக்கோ மத்தியதரைக் கடலுக்கோ போவதானால் தயங்காமல் அதையே சொல்வேன். இந்தியச் சைவ உணவு இரண்டிலும் கிடைக்கும். பதிவின்போதே எழுதிக் கொடுத்து, ஏறிய அன்றே உணவக மேலாளரைப் பார்த்து, மறுநாளைக்கு வேண்டியதை முதல்நாள் இரவே சொல்லிவிட வேண்டும். இருவர் மட்டும் அமரும் மேசை வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேளுங்கள்.

மது அருந்தாதவர்கள் பானங்கள் சேர்ந்த பேக்கேஜை வாங்குவது வீண். ஒருவர் எடுத்தால் அதே அறையிலுள்ள மற்றவரும் எடுத்தாக வேண்டும் என்பது விதி. சாதாரண அறைகளுக்கு டிப்ஸ் என்று ஒருவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 18 டாலர் தனியாகப் பிடிப்பார்கள். இருவருக்கும் ஏழு நாளில் 250 டாலர் ஆகிவிடும்.

கட்டுரையில் விடுபட்டுப்போன முக்கியமான விஷயம் விசா. வெளிநாட்டுக் கொடி ஏற்றிய கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்புவதானால் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். இது 1886-ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் சியாட்டிலிலிருந்து போகும் கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியாவில் ஒரு மாலை நிற்கும். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் பெற்றோர், கையில் அமெரிக்க விசா இருக்கிறதே என்று இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசாவும் தேவை. அமெரிக்க கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு. விக்டோரியாவில் கப்பலை விட்டு இறங்காவிட்டாலும் இதுதான் நிலை. விசா இல்லையென்றால் சியாட்டில் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள்; கட்டிய பணமும் திரும்ப வராது.

பயண முகவர்,
சென்னை