எசென்ஷியல் எல்லாம் அத்தியாவசியம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தைலக் குப்பிகளின் அட்டையிலும் அழகுக் குறிப்புகளிலும் ‘அத்தியாவசிய எண்ணெய்’ என்ற சொல் பரவிவிட்டது. ரேஷனில் போடும் பாமாயிலை அப்படிச் சொன்னால் பொருந்தும். கிராம்புத் தைலத்துக்கு எப்படிப் பொருந்தும்? ‘எசென்ஷியல் ஆயில்’ என்பதில் இருப்பது ‘எசென்ஸ்’, அதாவது சாரம். இலையையோ பூவையோ நீராவியில் வடிக்கும்போது மணத்தோடு பிரிந்து வருவது அது. வாசனைத் தைலம் என்றால் நம் ஊரில் யாருக்கும் புரியும். சொல் பிசகினால், உடம்புக்குத் தேவை என்று நினைத்துக் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு: யூகலிப்டஸ் தைலம் சில மில்லி வயிற்றுக்குள் போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

இதைவிட மோசம் ‘அத்தியாவசிய உயர் ரத்த அழுத்தம்’. வேலூரில் மருத்துவமனைச் சீட்டோடு நடமாடுபவர்களுக்குக் குறைவில்லை. சீட்டில் ‘எசென்ஷியல் ஹைப்பர்டென்ஷன்’ என்றிருப்பதைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்ப்பவர், இந்த அழுத்தம் உடம்புக்குத் தேவை போலிருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. (ஒரு காலத்தில் மருத்துவர்களிலேயே சிலர் அப்படி நம்பியதுண்டு!) சிறுநீரகக் கோளாறு போன்ற வேறொரு நோயால் வராமல், இன்ன காரணம் என்று சுட்ட முடியாமல் வரும் அழுத்தம் என்பதுதான் பொருள். உயர் ரத்த அழுத்தம் உள்ள பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இருப்பது இந்த வகையே. ‘முதன்மை உயர் ரத்த அழுத்தம்’ என்று எழுதலாம்.

புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் ‘எசென்ஷியல்’ எனப்படுபவை ஒன்பது. மற்றவையும் உடம்புக்கு வேண்டியவைதான்; ஆனால் அவற்றை உடம்பே செய்துகொள்ளும். இந்த ஒன்பதும் சாப்பாட்டில்தான் வரவேண்டும். இவற்றில் லைசின் அரிசியில் குறைவு, மெத்தியோனின் பருப்பில் குறைவு. சாம்பார் சாதத்தில் ஒன்றன் குறையை மற்றது ஈடுகட்டுகிறது.

‘எசென்ஷியல்ஸ்’ என்று பன்மையில் வந்தால், பயணத்துக்கு என்றால் தேவையான சாமான்கள். இலக்கணத்துக்கு என்றால் அடிப்படைகள். வேலை விளம்பரத்தில் ‘எசென்ஷியல்’ கட்டாயத் தகுதி, ‘டிசைரபிள்’ இருந்தால் நல்லது.

அத்தியாவசியம் என்ற சொல் சரியாக உட்காரும் இடம் 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். அங்கும் ஒரு எச்சரிக்கை. விலைவாசிச் செய்திகளில் சோப்பையும் இதில் சேர்த்து எழுதுகிறார்கள். வீட்டுக்கு அது அவசியம்தான், சட்டத்தின் அட்டவணையில் இல்லை. மருந்து, உரம், உணவுப் பொருட்கள், பெட்ரோலியம், சணல், விதை ஆகியவை இருக்கின்றன. 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் கிருமிநாசினியையும் சேர்த்தார்கள், அதுவும் ஜூன் 30 வரை மட்டும். முழுக்கப் பருத்தியாலான சிட்டா நூலும் (சுருளாகக் கட்டி வரும் தறிநூல்) அட்டவணையில் உண்டு. குடியாத்தம் தறியில் அந்த நூல் லுங்கியாகிவிட்டால், லுங்கிக்கு அதில் இடமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.