அன்னதானக் கூடத்து மாடி சோலார் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் நம் கோயில் அன்னதானக் கூடத்து மொட்டை மாடியில் நடந்துவந்த சோலார் வேலை முழுசாக முடிந்தது. 540 வாட் பேனல் 10, மொத்தம் 5.4 கிலோவாட். வரவு செலவுக் கணக்கு ரசீதுகளோடு நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. மாட்டின பேனலைக் கழற்றி மறுபடி மாட்டியது ஏன், இரட்டைச் செலவுதானே என்று பலர் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதனால் அதையே விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் மாட்டியது வைகாசியில். மழைத்தண்ணீர் வழிந்தால் போதும் என்று 5 டிகிரி சாய்வில், கிட்டத்தட்ட படுக்கையாக வைத்துவிட்டார்கள். பக்கத்தில் நின்ற எங்களுக்கும் தப்பாகத் தெரியவில்லை, ஏனென்றால் வேலூர் இருப்பது 13 டிகிரி வடக்கில், சித்திரை பாதியிலிருந்து ஆடி முடியும்வரை உச்சிச் சூரியன் நமக்குக் கொஞ்சம் வடக்கேதான் நிற்கும், தெற்கு ஓரத்துத் தண்ணீர்த் தொட்டியின் மத்தியான நிழல் பேனல் பக்கமே எட்டிப் பார்க்காது.

மார்கழியில்தான் விஷயம் புரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் யூனிட் இறங்கியதை மழை மேகத்தின் கணக்கில் எழுதிவிட்டோம். ஆனால் மார்கழியில் பளிச்சென்று வெயில் அடித்த நாளிலும் ஏறவில்லை. டிசம்பர் 22, மதியம் 12.10 வாக்கில், ஒரு மீட்டர் கம்பை தூக்குக்குண்டு பிடித்து மாடியில் நேராக நிறுத்தினோம். நிழல் வடக்கே 74 சென்டிமீட்டர்! சூரியன் உச்சியிலிருந்து 36 டிகிரிக்கும் மேல் தெற்கே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். தொட்டி நிழல் இரண்டு பேனல் மேல் படுத்திருந்தது. பேனல்கள் வரிசையாகக் கோத்த இணைப்பு என்பதால் அந்த இரண்டும் மற்றவற்றின் உற்பத்தியையும் கீழே இழுத்தன.

சாய்வுக் கணக்கு இதுதான். அந்த நாள் உச்சி வெயிலை நேருக்கு நேர் வாங்கும் பேனலுக்கு 100 என்றால், 5 டிகிரியில் கிடைப்பது 85, 15 டிகிரியில் 93. அப்படியென்றால் 30 வைத்திருக்கலாமே என்றால், மார்கழியில் 99 வரும், சரி, ஆனால் ஆனி மாதத்தில் 76-க்கு விழுந்துவிடும், காற்றும் பேனலைத் தூக்கப் பார்க்கும். வருஷம் முழுக்க யோசித்துத்தான் 15-ல் நின்றோம். மேகமூட்டமான நாளில் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறி வருவதால், சாய்வால் பெரிய வித்தியாசம் இருக்காது.

வெல்டர் பின்கால்களை ஒன்றேகால் அடி உயர்த்தினார், நாங்கள் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்தோம். பின்பக்கம் உயர்ந்தால் அதன் நிழல் அடுத்த வரிசையில் விழும், அதனால் இரண்டு வரிசைக்கும் நடுவில் இரண்டு அடி விட்டிருக்கிறோம். மார்கழியிலும் காலை 9 முதல் மாலை 3 வரை நிழல் தட்டாது. தொட்டியை வடக்கு ஓரத்துக்கு மாற்றிவிட்டோம். அப்புறம், முன்பு பேனலின் கீழ் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு மண் கட்டிப்போய் நிற்கும், இப்போது ஒரு மழைக்கே வழிந்து போகிறது.

கழுவுகிறவர்கள் வெயில் ஏறுவதற்கு முன் காலையில் கழுவுங்கள், சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம். துணி காயப்போடும் கம்பியை யாரும் தெற்குப் பக்கம் கட்டாதீர்கள், வைகாசியில் அதன் நிழல் தெரியாது, மார்கழியில் பேனல் மேல் வந்து விழும்.