பாதிப் படத்துக்கு முழு டிக்கெட்: மல்டிப்ளெக்ஸ் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் செயலியில் பதிவு செய்த வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
திரையரங்க நிறுவனத் தலைமை அலுவலகம்,
சென்னை.

பொருள்: கோவைக் கிளை, ஞாயிறு மாலைக் காட்சி. முதல் பாகம் என்று சொல்லாமல் டிக்கெட் விற்றது, அளவுக்கு மீறிய சத்தம், இடைவேளையில் பணம் திருப்பித் தர மறுத்தது, என் தாயாரின் காணொளியை அனுமதியின்றி வெளியிட்டது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். செயலி வழியாக நான் அனுப்பிய புகாருக்கு உங்களிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி. "படத்தின் உள்ளடக்கத்துக்குத் திரையரங்கம் பொறுப்பல்ல. தங்கள் மேலான கருத்துக்கு நன்றி." படம் மோசம் என்று மட்டும் நான் எழுதியிருந்தால் இந்தப் பதிலே போதும். மோசமான படத்துக்காகத் தியேட்டர்காரரிடம் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை நான். என் புகாரை யாரும் படிக்கவில்லை என்று தெரிந்ததால் இந்தக் கடிதத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

படத்தின் பெயரை எழுதவில்லை. டிக்கெட் நகலை இணைத்திருக்கிறேன், அதில் இருக்கிறது. இங்கேயும் எழுதி அதற்கு இன்னொரு விளம்பரம் தருவானேன்?

வந்தது நாங்கள் நாலு பேர்: நான், மனைவி, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகன். எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரே கருத்து வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது, ஆனால் காரணம்தான் ஆளுக்கு ஒன்று. நாயகி ஒரு பாட்டுக்கு வந்தார், நாயகனுக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தார், அதற்கப்புறம் வில்லன் கடத்திக்கொண்டு போகும்வரை ஆளையே காணோம். மனைவிக்கு அதில் ஆரம்பித்தது கோபம். மகனுக்குப் புலி. காட்டில் நாயகனோடு மோதுகிற அந்தப் புலியின் கால் தரையில் படவே இல்லை, நல்ல வெயிலில் நாயகனுக்கு நிழல் விழுகிறது, புலிக்கு விழவில்லை என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். சொன்னதற்குப் பிறகு எனக்கும் புலி தெரியவில்லை, அந்த இல்லாத நிழல்தான் தெரிந்தது. எனக்கு ஸ்லோமோஷன் ஆகவில்லை. நாயகன் காரிலிருந்து இறங்கி வாசற்படி ஏறுவதற்குள் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும். பிளாஷ்பேக்குக்குள்ளேயே இன்னொரு பிளாஷ்பேக் வந்ததையும் பொறுத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது எந்தக் கதைக்குத் திரும்பினோம் என்று இயக்குநருக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை.

அம்மா இந்த எதையும் சொல்லவில்லை. "ஏங்கண்ணு, ஒருத்தராச்சும் மெதுவாப் பேசறாங்களா பாரு" என்றுதான் கேட்டார். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

உங்கள் பொறுப்பு இங்கே தொடங்குகிறது. சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லி வாசலில் நின்ற ஊழியரிடம் கேட்டேன். "படமே அப்படித்தான் சார், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அது உண்மையும் இல்லை. 2024 நவம்பரில் கங்குவா வெளியாகி, சத்தம் தாங்கவில்லை என்று பார்த்தவர்கள் புலம்பியபோது, ஒலியளவை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டவர் அந்தப் படத்தின் தயாரிப்பாளரேதான். அப்படியென்றால் சத்தத்தைக் குறைக்கும் குமிழ் உங்கள் கட்டடத்தில், உங்கள் ஆள் கைக்கு எட்டும் இடத்தில்தானே இருக்கிறது? தயாரிப்பாளர் சொன்னால் திரும்பும் குமிழ், டிக்கெட் வாங்கியவர் சொன்னால் ஏன் திரும்புவதில்லை?

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றவர்கள், முன்பின் தெரியாதவர்கள்தான், 'வாழ்க்கையிலேயே பார்த்த மகா மட்டமான படம் எது' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே ஓடிய படத்துக்கு நன்றி. உங்கள் நிறுவனத்தில் யாராவது அந்த வரிசையில் நின்று கேட்டிருக்க வேண்டும். ஒரு பெண் இந்தியன் 2 என்றார். 1996இல் வந்த முதல் படத்தை வீட்டில் எல்லோரும் வசனம் வசனமாகச் சொல்வார்களாம், அந்த ஆசையில் முதல் நாளே போனாராம். வெளியான சில நாளில் படத்தில் 12 நிமிடத்தை வெட்டினார்கள். கங்குவாவிலும் வெளியானபின் அதே 12 நிமிடம்தான் போனது. அடித்துப்பிடித்து முதல் நாள் வந்தவர்களுக்கு அந்த 12 நிமிடமும் உண்டு. பொறுமையாக மறுவாரம் போனவர்களுக்கு அதிலிருந்து விடுதலை, டிக்கெட் மட்டும் அதே விலை. ஹாலிவுட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. 2019இல் கேட்ஸ் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிராபிக்ஸைத் திருத்திய பிரதியைத் திரையரங்குகளுக்கு மறுபடி அனுப்பினார்கள். திருத்தாத பிரதியைப் பார்த்தவர்கள் அவ்வளவுதான்.

வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் பாபா என்றார். 2002 படம். (எனக்கு பாபா பிடிக்கும். 2022இல் மறு வெளியீட்டுக்கும் போனேன். அது வேறு கதை.) அவர் சொன்னது நினைவில் நிற்கிறது: "விநியோகஸ்தருக்கு நஷ்டம்னு ரஜினி காசைத் திருப்பிக் குடுத்தாரு. சந்தோசம். டிக்கெட் வாங்குனவனுக்கு யார் குடுத்தா?"

வரிசை முழுக்கப் பேசியும் ஒருவர்கூடச் சின்னப் படம் எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். காசில்லாமல், தெரியாத்தனமாக எடுத்த படத்தின் மேல் யாருக்கும் வன்மம் இல்லை. அமெரிக்காவில் எட் வுட் 1950களில் எடுத்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தைப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் கல்லறைக் கற்கள் ஆடும், படப்பிடிப்புக்கு முன்பே இறந்துபோன நடிகர் பேலா லுகோசிக்குப் பதிலாக முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வேறொருவர் நடப்பார். 1980இல் அதற்கு 'எக்காலத்துக்கும் மோசமான படம்' என்று பட்டம் கட்டினார்கள். அதற்கப்புறம்தான் கூட்டம் அதிகமானது. 2003இல் வந்த டாமி வைசோவின் 'தி ரூம்' நள்ளிரவுக் காட்சிகளாக வருஷக்கணக்கில் ஓடியது. ரசிகர்கள் பிளாஸ்டிக் ஸ்பூனோடு வந்து, திரையில் ஸ்பூன் படம் தெரியும்போதெல்லாம் அதை வீசி எறிவார்கள். மோசம் என்று தெரிந்தே காசு கொடுத்துப் போகிறார்கள், சிரித்துக்கொண்டே திரும்புகிறார்கள். விற்றவர் எதையும் மறைக்கவில்லை, வாங்கியவருக்கும் எதை வாங்குகிறோம் என்று தெரியும். என் வழக்கு இதற்கு நேர் எதிர்.

உங்கள் செயலியில் படத்தின் பெயர், மொழி, சான்றிதழ், நேரம் எல்லாம் இருந்தன. 2 மணி 41 நிமிடம் என்று நிமிடம் வரை சரியாகப் போட்டிருந்தீர்கள். ஒன்றைத்தான் போடவில்லை. கடைசிக் காட்சியில் நாயகனின் அண்ணன் உயிரோடு இருப்பது தெரிகிறது, அவன் திரும்புகிறான், திரை கறுக்கிறது, 'இரண்டாம் பாகத்தில் சந்திப்போம்' என்று எழுத்து வருகிறது. அரங்கில் ஒரு நிமிடம் யாரும் எழுந்திருக்கவில்லை. ரசித்து உட்கார்ந்ததாக நினைத்துவிடாதீர்கள், இன்னும் படம் இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அப்ப பாதி காசைக் குடு!" அந்தக் குரலின் சுருக்கம் என் கடிதத்துக்கு வரவில்லை.

பாகம் பாகமாக எடுப்பது தப்பில்லை. பொன்னியின் செல்வன் 2022இல் வந்தபோது 'பாகம் 1' என்று பெயரிலேயே இருந்தது. மறுவருஷம் விடுதலைக்கும் அப்படித்தான். கதை முடியாது என்று தெரிந்தே போனோம், குறை சொல்லவில்லை. நாங்கள் பார்த்த படத்தின் போஸ்டரில் இல்லை, செயலியில் இல்லை, டிக்கெட்டிலும் இல்லை. போஸ்டர் தயாரிப்பாளருடையது, விட்டுவிடுவோம். செயலியும் டிக்கெட்டும் உங்களுடையவை.

உங்கள் சட்டப் பிரிவு என்ன எழுதும் என்று எனக்கும் தெரியும். ஷாருக் கான் நடித்த இந்திப் படம் ஃபேன், அதன் விளம்பரத்தில் வந்த பாட்டு படத்தில் இல்லை என்று ஒரு பார்வையாளர் நுகர்வோர் மன்றம் போனார், மாநில ஆணையம் அவருக்கு 10,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது, தேசிய ஆணையமும் அதை உறுதி செய்தது, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னோட்டத்தில் காட்டியதெல்லாம் ஒப்பந்த வாக்குறுதி ஆகிவிடாது என்பது தீர்ப்பு. சரி, தலைவணங்குகிறேன். ஆனால் நான் முன்னோட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. முழுப் படம் என்று விற்ற டிக்கெட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

அடுத்தது இடைவேளை. அம்மாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. கவுண்டருக்குப் போய், மீதிப் படம் வேண்டாம், ஏதாவது ஒரு தொகை திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். "சிஸ்டத்துல அந்த ஆப்ஷன் இல்லைங்க சார்." மேலாளர்? "மீட்டிங்ல இருக்காருங்க." ஞாயிற்றுக்கிழமை மாலை. இருக்கட்டும். கிளம்பலாம் என்றால் அம்மா விடவில்லை. "குடுத்த காசு குடுத்ததுதான், உக்காந்து பாத்துட்டே போலாம்" என்றார். தலைவலியோடு இன்னொரு ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்தார். தமிழ்நாட்டில் மோசமான படங்களின் இரண்டாம் பாதியைப் பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படி உட்கார்ந்தவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம்.

சிஸ்டத்தில் இல்லை என்பது முடியாத காரியம் என்று ஆகாது. 2024 டிசம்பரில் டெல்லியிலும் குருகிராமிலும் பெரிய மல்டிப்ளெக்ஸ் நிறுவனம் ஒன்று இதைச் செய்து காட்டியது. டிக்கெட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு, பாதியில் எழுந்து போகிறவர்களுக்கு மீதிப் படத்துக்கு ஏற்ப பணம் திருப்பித் தரும் திட்டம். முக்கால் படத்துக்கு மேல் மீதி இருந்தால் 60 சதவீதம், பாதிக்கு மேல் இருந்தால் 50, கால்வாசிக்கு மேல் இருந்தால் 30. டெல்லிக்காரர்களுக்குப் பிடிக்காத படம் வரும், கோவைக்காரர்களுக்கு வராதா?

காட்சி நேரம் தாண்டி ஓடிய விளம்பரங்களைப் பற்றி நிறைய எழுதலாம். பெங்களூரில் 25 நிமிட விளம்பரத்துக்காக ஒருவர் நுகர்வோர் ஆணையம் போய் 2025இல் அபராத உத்தரவே வாங்கினார். அதே வருஷம் கர்நாடக உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. அதனால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசியாக, எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம். வெளியே வரும் வழியில் படத்தின் பெயர் போட்ட டி-சர்ட்டோடு மைக்கும் கேமராவுமாக இரண்டு பேர். உங்கள் ஊழியர்தான் கயிறு கட்டிக் கூட்டத்தை அவர்கள் பக்கமாகத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். அம்மாவிடம் மைக்கை நீட்டினார்கள். "புலி பாவம்" என்றார் அம்மா. "பாட்டி, பாசிட்டிவா ஒரு வார்த்தை" என்று அந்தப் பையன் கெஞ்சினான். அம்மா காதைப் பொத்திக்கொண்டு நடந்துவிட்டார். மறுநாள் உங்கள் கிளையின் சமூக ஊடகப் பக்கத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. அம்மா பேசியதை வெட்டிவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வருகிற பகுதியை மட்டும் வைத்து, பின்னணியில் அந்தப் படத்தின் பாட்டைப் போட்டு, மேலே 'மெய்சிலிர்த்த ரசிகர்கள்! குடும்பங்கள் கொண்டாடும் வெற்றி!' என்று எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் நாலு திசையிலிருந்தும் போன் செய்து, "அம்மாவுக்குப் படம் அவ்வளவு பிடிச்சுப் போச்சா?" என்று கேட்கிறார்கள்.

திரையரங்க வளாகத்தில் யூடியூப் விமர்சனங்களை அனுமதிக்கக் கூடாது என்று 2024இல் தயாரிப்பாளர்கள் கேட்டபோது, பார்த்தவர்கள் கருத்துச் சொல்ல இடம் வேண்டும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். இப்படி வெட்டி ஒட்டுவதற்கு அந்த இடம் இல்லாமலே இருக்கலாம்.

எனவே முதல் வேலையாக அந்தக் காணொளியை நீக்குங்கள். அதற்கு எந்தக் கமிட்டியும் கூடத் தேவையில்லை, இன்றே முடியும். என் தாயாரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள், தமிழில், கொஞ்சம் பெரிய எழுத்தில். 190 ரூபாய் வீதம் நாலு டிக்கெட்டுக்கு நான் கொடுத்தது 760 ரூபாய். இடைவேளையிலேயே கேட்டு மறுக்கப்பட்டதால் அதில் பாதி, 380 ரூபாயை என் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். சேவைக் கட்டணத்தையும் பாப்கார்னையும் நான் கேட்கவில்லை. பாப்கார்ன் நன்றாகவே இருந்தது. இனிமேல் முடிவில்லாத படங்களுக்குச் செயலியில் நேரத்துக்குப் பக்கத்திலேயே 'பாகம் 1' என்று போடுங்கள். தயாரிப்பாளர் சொல்லவில்லை என்ற சாக்கு வெள்ளிக்கிழமை முதல் காட்சி வரைதான் செல்லும்; நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் உங்கள் ஆட்கள் அந்தப் படத்தை எத்தனை தடவை ஓட்டியிருப்பார்கள்!

15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். பழைய இரண்டு வரியே திரும்ப வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, கோவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
எஃப் வரிசையில் இருந்த நால்வருக்காக,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: டிக்கெட் நகல், செயலியில் படத்தின் விவரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, உங்கள் இரண்டு வரி பதில், காணொளியின் திரைப்பிடிப்பு.