குரோஷா பின்னும் மருமகளுக்கு: விற்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

நீ அனுப்பிய தோள்பை, குல்லா, ஹேர்பேண்ட் ஆகிய மூன்றின் படங்களையும், கூடவே எழுதியிருந்த கேள்விகளையும் பார்த்தேன். குரோஷா, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை, பழகும் வேறு பெண்களும் இதே கேள்விகளை என்னிடம் கேட்பதுண்டு என்பதால், உன் சம்மதத்தோடு இந்தப் பதிலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கண்ணிகள் ஒரே அளவில் விழுந்திருக்கின்றன. ஓரங்கள் நேராக இருக்கின்றன. நூல் முனைகளை வெளியே தெரியாமல் செருகியிருக்கிறாய். கைவேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இம்மூன்றும் வேறொரு நாட்டில், வேறொரு நூலை வைத்துக்கொண்டு, வேறொருவர் போட்ட கணக்கின்படி பின்னப்பட்டவை. விற்பனையில் இறங்குவதற்கு முன் அந்தக் கணக்கை நீயே போடப் பழக வேண்டும் என்பது என் கருத்து. அது கைவந்துவிட்டால், என்ன விலை வைப்பது என்பது உட்பட, நீ கேட்டிருப்பவற்றில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

குல்லாவை எடுத்துக்கொள்வோம். பேட்டர்னில் (எத்தனை கண்ணி, எப்படி என்று சொல்லும் பின்னல் குறிப்பில்) சொன்ன எண்ணிக்கை பிசகாமல் பின்னியும் அது உன் அப்பாவின் கண்வரை இறங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். எண்ணிக்கை சரிதான், மாறியது கண்ணியின் அளவு. அந்தப் பேட்டர்னை எழுதியவருக்கு 10 செ.மீ. அகலத்தில் 20 கண்ணிகள் விழுந்திருக்கும். உன் கை சற்றுத் தளர்வானது, நூலும் தடித்தது. உனக்கு 18தான் விழுகிறது என்று வைத்துக்கொள். 100 கண்ணிகள் உள்ள சுற்று அவருக்கு 50 செ.மீ.; உனக்கு 55 செ.மீ.க்கும் மேல். இரண்டே கண்ணி வித்தியாசம் குல்லாவை ஒரு தலைமுறை பெரிதாக்கிவிடும். ஆகவே எதைப் பின்னுவதானாலும் அதே நூலில், அதே ஊசியில் முதலில் கையகலத்துக்கும் சற்றுப் பெரிய மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னிக்கொள். அதைத் துவைத்து, உலர்த்தி, நடுப்பகுதியில் 10 செ.மீ. அளந்து கண்ணிகளையும் வரிசைகளையும் எண்ணு. துவைக்காமல் எண்ணுவதில் பயனில்லை, ஏனென்றால் பருத்தி நூல் முதல் துவைப்பிலேயே தன் அளவை மாற்றிக்கொள்ளும். இந்தத் துண்டுக்கு ஆகும் நேரத்தை வீண் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முழுக் குல்லாவையும் பிரித்து மறுபடி பின்னுவதற்கு ஆகும் நேரத்தை மட்டும் ஏனோ அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

மாதிரித் துண்டின் எண்கள் கையில் இருந்தால் குல்லாவுக்குப் பேட்டர்னே வேண்டியதில்லை. பெரியவர்களின் தலைச் சுற்றளவு ஏறத்தாழ 56 செ.மீ. குல்லா நழுவாமல் பிடித்து நிற்க வேண்டுமானால் அதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். சிங்கிள் குரோஷே என்ற குட்டையான அடிப்படைக் கண்ணியில், ஆறு கண்ணிகளில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் உச்சி வட்டமாக விரியும். 10 செ.மீ.க்கு 20 கண்ணி விழும் கைக்கு, 17 சுற்றுகளில் 102 கண்ணிகளும் 51 செ.மீ. சுற்றளவும் கிடைக்கும், 18 சுற்றுகளில் 108 கண்ணிகள், 54 செ.மீ. கம்பளி நூலானால் 17 சுற்றோடு கூட்டுவதை நிறுத்தலாம், அது தலைக்கேற்ப விரிந்து கொடுக்கும். பருத்தியானால் 18 வேண்டும். அதன் பிறகு கூட்டாமல் நேராகப் பின்னிக் காதுவரை இறக்கிவிடலாம்.

ஏன் ஆறு என்று நீ கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால் சுற்றளவு 2π, அதாவது 6.28 அலகு கூடும் என்று பள்ளியில் படித்திருக்கிறாய். சிங்கிள் குரோஷேயில் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்று. ஒரு சுற்று பின்னினால் ஆரம் ஒரு கண்ணி அளவு நீள்கிறது, ஆகவே சுற்றளவில் ஆறேகால் கண்ணி கூட வேண்டும். முழு எண்ணாக ஆறு. அந்தக் கால் கண்ணி குறைவதால்தான் வட்டம் லேசாகக் கிண்ணம் போலக் குழிகிறது. குல்லாவுக்கு அது நல்லதே. டபுள் குரோஷேயில் கண்ணி ஏறத்தாழ இரு மடங்கு உயரம் என்பதால் சுற்றுக்குப் பன்னிரண்டு. கூட்டும் இடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வட்டம் அறுகோணமாகிவிடும். அவற்றைச் சுற்றுக்குச் சுற்று நகர்த்தி வை. தேவைக்கு மேல் கூட்டினால் துணி தட்டையாக இருக்க இடமின்றி ஓரம் நெளியத் தொடங்கும். லாட்வியாவில் பிறந்த கணிதப் பேராசிரியர் டைனா டைமினா அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1997இல் அந்த நெளிவையே பயன்படுத்தி, காகிதத்தில் எளிதாகச் செய்துகாட்ட முடியாத அதிபரவளையத் தளத்தை (hyperbolic plane, எங்கும் நெளிந்து விரியும் பரப்பு) குரோஷா ஊசியால் பின்னிக் காட்டினார். உன் ஹேர்பேண்டின் ஓரத்தில் நீ விரும்பும் அலை மடிப்பும் அதே கணக்குத்தான். எத்தனை கண்ணிக்கு ஒன்று கூட்டினால் எவ்வளவு நெளிகிறது என்பதைப் பின்னிப் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்.

அடுத்து பை. ஒரு வாரம் கல்லூரிக்கு எடுத்துப் போனதும் அதன் காது நீண்டு, பை தோளிலிருந்து இடுப்புக்குக் கீழே தொங்குகிறது என்கிறாய். இங்கே நூலின் குணத்தைப் பார்க்க வேண்டும். கம்பளி இழையில் இயல்பாகவே சுருள் உண்டு, இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். பருத்தியில் அது இல்லை, நீண்டால் நீண்டதுதான். பைக்குப் பருத்தியே ஏற்றது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதிலும் மெர்சரைஸ்டு நூல் உழைக்கும், சாயத்தை நன்றாகப் பிடிக்கும். 1844இல் இங்கிலாந்தின் ஜான் மெர்சர் பருத்தியைக் காரக் கரைசலில் நனைத்துப் பார்த்ததிலிருந்து வந்த முறை அது. பின்னாளில் இழையை இழுத்துப் பிடித்தபடி நனைத்தபோதுதான் பட்டு போன்ற பளபளப்பும் சேர்ந்தது. நூலை மாற்றுவதைவிடப் பின்னலின் போக்கை மாற்றுவதே இங்கு வழி. நீ காதை அகலவாட்டில், குட்டை குட்டையான வரிசைகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கிறாய். சுமை ஏற ஏற அவ்வளவு வரிசைகளும் விலகிக் கொடுக்கின்றன. அதற்குப் பதிலாக, காதின் முழு நீளத்துக்கும் சங்கிலி போட்டு, நீளவாட்டில் நாலைந்து வரிசைகள் நெருக்கமாகப் பின்னி, இரு ஓரங்களிலும் ஸ்லிப் ஸ்டிச் (உயரமே இல்லாத இறுக்கமான கண்ணி) ஓட்டிவிடு. நீட்சி பெருமளவு அடங்கும். பையின் உட்புறம் பருத்தித் துணியில் லைனிங் தை, அது பையைவிட இம்மியளவு சிறியதாக இருக்கட்டும். அப்போது புத்தகங்களின் பாரத்தைத் துணி தாங்கும், பின்னல் அழகுக்கு நிற்கும். காதின் உள்ளேயும் ஒரு நாடாவை வைத்துத் தைத்துவிட்டால் வாங்குபவர் திரும்பி வந்து குறை சொல்ல மாட்டார்.

நிட்டிங் (இரண்டு நேர் ஊசிகளால் பின்னுவது) கற்றுக்கொள்வதா, குரோஷாவிலேயே நிற்பதா என்றும் கேட்டிருக்கிறாய். நிட்டிங்கில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் திறந்தே இருக்கும். ஒன்று நழுவினால் கீழ்வரை ஏணி போல இறங்கும். குரோஷாவில் திறந்திருப்பது ஒரே கண்ணி. அதனால் குரோஷா தடிமனாக, உருவம் கலையாமல் நிற்கும். அதே பரப்புக்கு நூலும் கூடுதலாகப் பிடிக்கும். நிட்டிங் மெல்லியதாக, உடலோடு ஒட்டி விரியும். பை, காதணி, சாவிக்கொத்துப் பொம்மை இவற்றுக்குக் குரோஷாவும், கழுத்தைச் சுற்றிக் குழைய வேண்டிய மஃப்ளருக்கும் கையுறைக்கும் நிட்டிங்கும் பொருந்தும் என்பது என் தீர்ப்பு. மஃப்ளர் பின்னுவாயானால் முன்பக்கம் முழுவதும் நிட் (நேர்க்கண்ணி), பின்பக்கம் முழுவதும் பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்ற முறையைத் தவிர்த்துவிடு. அதன் ஓரங்கள் எத்தனை முறை இஸ்திரி போட்டாலும் சுருண்டுகொள்ளும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறி வரும் ரிப் பின்னல் சுருளாது, இரு பக்கமும் ஒன்று போலவே தெரியும்.

யார் அணியப் போகிறார்கள் என்பதை நீ இன்னும் போதிய அளவு யோசிக்கவில்லை என்று தோன்றுகிறது. நம் ஊரில் கம்பளிக் குல்லாவுக்கு இரண்டே சந்தைகள்: ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் ஒன்று, மார்கழி பிறந்ததும் காதை மூடிக்கொண்டு நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் பெரியவர்கள் மற்றொன்று. (இரண்டாமவர்கள் மங்கி கேப்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டார்கள்.) ஆண்டு முழுவதும் விற்கக்கூடியது பருத்தியில்தான் இருக்கிறது. அக்ரிலிக் விலை மலிவு, நிறங்களும் ஏராளம். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். நீ பின்னிய வெள்ளை ஹேர்பேண்ட் படத்தில் மிக அழகாக இருக்கிறது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைக்கும் பெண் அதை ஒரு நாள் அணிந்தால் உட்புறம் மஞ்சள் ஏறிவிடும். உட்புறத்துக்கு மட்டும் அடர் நிற நூலைக் கொடு, அல்லது கழற்றித் துவைக்கும்படி ஒரு துணிப் பட்டையை வை. குரோஷா மல்லிகைச் சரம் இப்போது பரவலாக விற்பதற்குக் காரணம் அதைச் செய்தவர்கள் இந்தத் தலைமுடியை, இந்தச் சடையை, இந்த ஊர்க் கல்யாணத்தை நினைத்து வடிவமைத்தார்கள் என்பதே. அதிலும் சரத்தின் எடை முக்கியம். தடித்த நூலில் பின்னியதை ஹேர்பின் தாங்காது.

குழந்தைகளுக்குப் பின்னுவாயானால் இரண்டை மறக்காதே: குல்லாவில் கழுத்தைச் சுற்றும் நீண்ட கயிறு வேண்டாம், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மையில் பிளாஸ்டிக் கண்களை வைக்காமல் நூலாலேயே தைத்துவிடு.

பேட்டர்ன் படிக்கும்போது கண்ணிகளின் பெயரில் கவனம் வேண்டும். அமெரிக்கப் பேட்டர்னில் சிங்கிள் குரோஷே என்றிருப்பது பிரிட்டிஷ் பேட்டர்னில் டபுள் குரோஷே. அமெரிக்க முறையில் டபுள் என்றால் பிரிட்டிஷ் முறையில் டிரெபிள். நம்மிடம் உள்ள பழைய புத்தகங்களில் பிரிட்டிஷ் பெயர்கள்தான் இருக்கும், வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்கள். (இந்தக் கடிதத்தில் நான் எழுதுவது அமெரிக்க முறைப்படி.) இந்தக் குழப்பத்திலிருந்து தப்ப, குறியீட்டுப் படங்களைப் படிக்கப் பழகு. சங்கிலிக்கு நீள்வட்டம், டபுள் குரோஷேவுக்குத் தண்டில் ஒரு குறுக்குக் கோடு போட்ட 'T', டிரெபிளுக்கு இரண்டு கோடுகள். ஜப்பானியப் பின்னல் புத்தகங்களை அந்த மொழியில் ஓர் எழுத்தும் தெரியாமல் பின்ன முடிவது இதனால்தான். உன் சொந்த வடிவங்களையும் இப்படியே வரைந்து வை. பிறர் விற்கும் பேட்டர்னிலிருந்து கற்றுக்கொள்ளலாம். அவர் எழுதியதையும் வரைந்ததையும் படியெடுத்து உன்னுடையது என்று விற்கக் கூடாது.

கடைசியாக விலை. பைக்கு 500 ரூபாய் வைக்கலாம் என்று தோழி சொன்னதாக எழுதியிருக்கிறாய். நூல், லைனிங், ஜிப் எல்லாம் சேர்த்து 300 ரூபாய், வேலை பத்து மணி நேரம் என்று கொண்டால், உன் ஒரு மணி நேரத்தின் மதிப்பு 20 ரூபாய் ஆகிறது. பொழுதுபோக்காகச் செய்வதுதானே என்று நீயே சொல்லக்கூடும் என்பதால் நர்சாப்பூரைப் பற்றிச் சொல்கிறேன். ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் உள்ள அந்த ஊரிலும் சுற்றுப்புறக் கிராமங்களிலும் 19ஆம் நூற்றாண்டில் கிறித்தவ மிஷனரிகள் குரோஷா லேஸைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். பூக்களைச் சிலரும் அவற்றை இணைப்பதை வேறு சிலருமாகப் பல வீடுகளில் பிரித்துச் செய்யும் வேலை அது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே செய்த ஆய்வை 1982இல் நூலாக வெளியிட்டார். உலகச் சந்தைக்காக நாள்தோறும் பல மணி நேரம் உழைத்த அப்பெண்கள், ஓய்வு வேளையில் ஏதோ பின்னும் இல்லத்தரசிகள் என்றே கருதப்பட்டார்கள் என்பதையும், அந்தக் கருத்தே அவர்களுடைய கூலியை மிகக் கீழே வைத்திருக்க உதவியது என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். நிட்டிங்குக்கு 1589இலேயே இங்கிலாந்தில் வில்லியம் லீ இயந்திரம் செய்துவிட்டார். கையால் பின்னும் குரோஷாவை அப்படியே பின்னும் இயந்திரம் ஆலைகளில் இல்லை. அந்தப் பெயரில் உள்ளவை அதன் தோற்றத்தைத் தரும் வேறு வகைப் பின்னலைச் செய்பவை. ஆகவே கடையில் உண்மையான குரோஷா மேற்சட்டை 400 ரூபாய்க்குத் தொங்கினால், எங்கோ ஒரு பெண்ணின் நாட்கள் அதற்குள் மலிவாகப் போயிருக்கின்றன. அந்த விலையோடு நீ போட்டியிட வேண்டியதில்லை.

எனவே பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பின்னுவதற்கு முன்னும் பின்னும் நூல்கண்டை எடைபோட்டு எவ்வளவு செலவாயிற்று என்றும், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தாய் என்றும் எழுது. ஒரு மணி நேரத்துக்கு உனக்கு எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய், விலையை அதிலிருந்து கட்டு. அந்த விலைக்குப் பை போகாது என்று தெரிந்தால், நேரம் குறைவாகப் பிடிக்கும் வடிவத்தை யோசி: உடல் பகுதிக்குக் கதர்த் துணி, மூடிக்கு மட்டும் குரோஷா என்று வைத்தால் பத்து மணி நேரம் மூன்றாகலாம். காதணியும் ஸ்கிரஞ்சியும் (முடி கட்டும் வளையம்) மிஞ்சிய நூலில் முடிந்துவிடும் என்பதால் ஆரம்பத்தில் அவைதான் கை கொடுக்கும். பையின் காதை மாற்றிப் பின்னியதும் உள்ளே இரண்டு கிலோ எடையை வைத்து ஓர் இரவு ஆணியில் மாட்டி, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை