மதத் தலைவர்களிடம் கேட்டீர்கள் சரி, எங்களிடம்?

இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மதத் தலைவர்களின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லிவிடுகிறீர்கள். கேளுங்கள். பிக்குமார், ஆயர்கள், மௌலவிமார், குருக்கள்மார் எல்லோரும் சொல்லட்டும், அது அவர்களுடைய உரிமை. ஆனால் எந்தக் கடவுளையும் நம்பாத என்னைப் போன்றவர்களும் இதே நாட்டில்தான் வரி கட்டுகிறோம், வாக்குப் போடுகிறோம், பிள்ளை பெறுகிறோம். எங்களிடம் யாரும் கேட்டதில்லை, ஆகவே கேட்காமலே சொல்கிறேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவளுக்கு உயிர் ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மறுபிறப்பும் இல்லை, மோட்சமும் இல்லை, இருப்பது இந்த ஒரு வாழ்க்கைதான், அதை எப்படி மலிவாக நினைப்பேன்? கரு என்பது வெறும் சதைத்துண்டு என்று சொல்லிவிட்டுப் போகும் நாத்திக நண்பர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. ஆனால் எட்டாவது வாரத்தில் இருப்பதும் முப்பதாவது வாரத்தில் இருப்பதும் ஒன்றல்ல. மூளையும் நரம்பும் வளர வளரத்தான் அதன் மீது நமக்குள்ள கடமையும் வளர்கிறது. ஆரம்ப வாரங்களில் முடிவு அந்தப் பெண்ணுடையது, காரணம் கேட்க எனக்கும் உரிமையில்லை, உங்களுக்கும் இல்லை. பிந்திய மாதங்களில் காரணம் வேண்டும், வைத்தியர்களும் பார்க்க வேண்டும். எல்லையை எந்த வாரத்தில் போடுவது என்று எந்தப் புனித நூலும் எனக்குச் சொல்லித் தரப்போவதில்லை, அதனால் நல்ல காரணம் காட்டினால் மாற்றிக்கொள்வேன். (மதங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை கருத்தரித்த நேரத்திலிருந்தே முழு உயிராகப் பார்க்கிறது, இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர் 120 நாளைக் கணக்கில் எடுக்கிறார்கள்.)

வேடிக்கை என்னவென்றால், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைக்கே இந்த வித்தியாசம் தெரியும். 303ஆம் பிரிவைப் பாருங்கள். கருவைக் கலைத்தால் 3 ஆண்டு வரை சிறை, குழந்தை வயிற்றில் அசையத் தொடங்கிய பிறகென்றால் 7 ஆண்டு வரை. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டும் விலக்கு. பிரித்தானியர் எழுதிவைத்துப் போன சட்டம் இது, அவர்களோ 1967இல் தங்கள் சட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். கிட்டத்தட்ட இதே வரிகளை வைத்திருந்த இந்தியாவும் 1971இல் வழிவிட்டது. நாம் இன்னும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இது நம் பண்பாடு என்கிறோம்.

1995இல் நடந்தது இன்னும் மோசம். 16 வயதுக்குக் குறைந்த சிறுமியோடு உறவு கொண்டால் அவள் சம்மதித்திருந்தாலும் அது வன்புணர்வுதான் என்று அந்த ஆண்டுதான் திருத்தம் கொண்டுவந்தார்கள், நல்லது. அதே திருத்தத்தின் வரைவில், வன்புணர்வால் உண்டான கருவைக் கலைக்க அனுமதிக்கும் பகுதியும் இருந்தது, எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஆக, 14 வயதுப் பிள்ளை கர்ப்பமாக இருந்தால் அந்த வயிறே குற்றம் நடந்ததற்குச் சாட்சி என்று ஒரு பிரிவு சொல்கிறது, அதைச் சுமந்துதான் ஆகவேண்டும் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. இதற்கு எந்த மதத்திலிருந்து நியாயம் எடுத்தாலும் எனக்குப் புரியாது.

அப்புறம், ஸ்கேனில் மண்டையோடும் மூளையும் சரியாக உருவாகவில்லை என்று தெரிந்துவிட்ட தாய். பிறந்தாலும் சில மணி நேரமோ சில நாட்களோதான் என்று டொக்டரே சொல்லிவிடுகிறார். ஆனாலும் அவள் மாதக்கணக்கில் சுமக்க வேண்டும், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எத்தனையாவது மாதம் என்று கேட்டால் பதிலும் சொல்ல வேண்டும். கடைசிவரை சுமப்பேன் என்று அவளே முடிவெடுத்தால் நான் தலைவணங்குவேன். நீங்கள் சுமக்க வைப்பது வேறு.

2017இல் இந்த இரண்டு காரணங்களுக்கு மட்டும் அனுமதி என்ற யோசனை அமைச்சரவை வரை வந்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், வேறு மதத் தரப்புகளும் எதிர்த்தன, அது அப்படியே கிடப்பில் போனது.

என் நிலைப்பாட்டை முழுதாக ஏற்கச் சொல்லவில்லை. குறைந்தது இந்த இரண்டையாவது சபைக்குக் கொண்டுவாருங்கள். கட்சிக் கட்டளை போடாமல், பெயர் கூப்பிட்டு வாக்கெடுங்கள். எதிர்ப்பவர் எதிர்க்கட்டும், ஆயர் சொன்னார், தேரர் சொன்னார் என்று ஒளியாமல் எழுந்து நின்று தன் பெயரிலேயே எதிர்க்கட்டும்.

இப்படிக்கு,
குடிசன மதிப்பீட்டுப் படிவத்தில் பெற்றோரின் மதத்தில் எண்ணப்பட்ட ஒருத்தி