மழை நாளின் கூலியும் வழிகாட்டியின் முடிவும்: மலையகச் சாகசச் சுற்றுலா நிறுவன உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்திலும் அதன் சரிவுகளிலும் சாகசச் சுற்றுலா நிறுவனங்களை நடத்திவரும் உரிமையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

எதிர்வரும் இடைப்பருவ மழைக்கு முன்பாக உங்கள் அனைவரிடமும் ஒரு கோரிக்கையை வைப்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். மழையையோ நீர்மட்டத்தையோ காரணங்காட்டி ஒரு வழிகாட்டி பயணத்தை நிறுத்தினால், அந்த முடிவை மாற்றும் உரிமை உரிமையாளர்களாகிய நமக்கு இருக்கக் கூடாது. நிறுத்தப்பட்ட அந்த நாளுக்குரிய கூலியையும் நாம் அவருக்கு முழுமையாகக் கொடுக்க வேண்டும். முதலாவதை மட்டும் ஏற்றுக்கொண்டு இரண்டாவதை ஒத்திவைத்தால் முதலாவதும் ஏட்டளவில்தான் நிற்கும் என்பதை நான் நன்கு அறிவேன். நானும் பண்டாரவளைப் பக்கத்தில் இதே தொழிலைத்தான் நடத்துகிறேன்.

2024ஆம் ஆண்டில் 20 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர்கள் இலங்கைக்கு வந்தார்கள். அவர்களுள் எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்புவதோடு திருப்தியடையாதவர்கள்தாம் நம்மிடம் வருகிறார்கள். தியலும நீர்வீழ்ச்சியின் 220 மீற்றர் பாறைச் சுவரில் கயிற்றில் இறங்கவும், நக்கிள்ஸ் மலைத்தொடரில் இரவில் கூடாரமடிக்கவும், கித்துல்கலையில் களனி ஆற்றின் சுழிப்புகளில் ரப்பர் படகோட்டவும் அவர்கள் பணம் கட்டுகிறார்கள். கட்டணத்தை வாங்குவது நாம். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர்களோ பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகளும் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள இளைஞர்களுமே. எந்த ஓடை எந்த மலையிலிருந்து இறங்குகிறது என்பதைப் பள்ளிக்கூடம் போன பாதையிலேயே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள்.

அந்த அறிவின் பெறுமதியைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். நம் மலைகளில் ஓடைப் பள்ளத்தாக்கினுள் நிற்பவரின் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே இரண்டு டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) அப்பால் கொட்டித் தீர்த்த மழை அவரை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கக்கூடும். காடு இருந்த இடத்தில் பெய்யும் மழையை மண் சிறிது நேரமாவது பிடித்து வைக்கும். தேயிலை மலையிலோ அது வடிகால்களான கான்களில் இறங்கி, கானிலிருந்து ஓடைக்குத் தாமதமின்றி வந்து சேர்ந்துவிடும். தெளிந்த நீரில் முதலில் காய்ந்த இலையும் சுள்ளியும் மிதந்து வரும். பிறகு நிறம் மங்கும். அதன்பின் சற்று முன்வரை உலர்ந்திருந்த ஒரு கல்லின் விளிம்பு நனையும். ஓடையின் சத்தமும் கனத்துவிடும். பழகிய வழிகாட்டி இலையைக் கண்டதுமே ஆட்களை மேலே ஏற்றத் தொடங்குவார். பழகாதவர் நிறம் மாறும்வரை காத்திருப்பார். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில்தான் உயிர் தங்கியிருக்கிறது. கித்துல்கலையின் நிலைமை வேறு. அங்கே ஆற்றின் அளவை மழையோடு சேர்த்து மேலேயுள்ள மின் நிலையங்கள் விடும் நீரும் தீர்மானிக்கிறது. அங்கும்கூட ஆற்றைக் காலையில் நேரில் பார்ப்பவரின் மதிப்பீட்டுக்கு ஈடாக எதுவும் இல்லை.

அப்படிப்பட்டவர் இலையைக் கண்டபின் அல்லது விடியற்காலையில் மேகத்தைப் பார்த்தபின் என்ன செய்கிறார்? நம்மைத் தொலைபேசியில் அழைக்கிறார். “அண்ணே, மேல மழ புடிச்சிருச்சி, இன்னக்கி வேணாம்னு நெனக்கிறேன்” என்கிறார். நம்மில் பலர் அவருக்குச் சொல்லும் பதிலை நீங்களும் அறிவீர்கள்: “கொஞ்சம் பாத்துச் செய்ங்க தம்பி, அவங்க நாளைக்கு யால பார்க்குக்குப் போறாங்க.” இந்தப் பதிலில் கட்டளை இல்லை, ஆனால் அனுமதியும் இல்லை. போனால் அது அவருடைய முடிவு. போகாவிட்டால் அவருக்கு அன்றைய காசு இல்லை, அடுத்த வாரம் அவரை அழைப்போமா என்பதும் நிச்சயமில்லை. கொழுந்து குறைந்த நாளிலும் தோட்டத்தில் அரைப்பேராவது, அதாவது அரை நாள் கூலியாவது, விழும். நம்மிடம் வேலை செய்யும் பிள்ளைக்கு அதுவுமில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டிய ஒருவரிடம் கூலியையும் எச்சரிக்கையையும் எதிரெதிரே வைத்துவிட்டு, நம் நிறுவனத்தில் பாதுகாப்புக்கே முதலிடம் என்று இணையத்தில் எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும்.

1999ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் திகதி சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் நகருக்கு அருகிலுள்ள சாக்செட்பாக் ஓடையில் நடந்ததை நம் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மேற்பகுதியில் இடியுடன் பெய்த மழையால் திடீரெனப் பெருகிய வெள்ளம், ஓடையில் இறங்கிக்கொண்டிருந்த குழுவை அடித்துச் சென்றது. இறந்த 21 பேரில் 18 பேர் பயணிகள், 3 பேர் வழிகாட்டிகள். 2001இல் நீதிமன்றம் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த 6 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. குற்றஞ்சாட்டப்பட்டிருந்த வழிகாட்டிகளில் 2 பேரை விடுவித்தது. செல்வமும் மீட்புப் படையும் ஹெலிகொப்டரும் உள்ள நாட்டில் நடந்தது அது. நமக்கு 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இருக்கிறது, அதற்கு நாம் நன்றியுடையவர்கள். ஆனால் அது தார் வீதி வரைக்கும்தான் வரும். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வீதிக்கு அடிபட்டவரைத் தூக்கி வருவது அதே பிள்ளைகளின் தோள்தான்.

பயணிகள் கையொப்பமிட்டுத் தரும் பொறுப்புத்துறப்புப் படிவம் நம்மைக் காக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டத்தை ஒரு சட்டத்தரணியோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கவனயீனத்தால் விளையும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை எந்த ஒப்பந்த வாசகத்தாலும் நீக்கிக்கொள்ள முடியாது. வழிகாட்டி வேண்டாமென்று சொன்ன நாளில் பயணத்தை நடத்திய நிறுவனத்துக்கு அந்தப் படிவம் வெறும் காகிதமே.

உபகரணங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கயிறு, தலைக்கவசம், உயிர்காப்பு அங்கி என்பவற்றில் நம்மில் பலர் மெச்சத்தக்க அளவு முன்னேறியிருக்கிறோம். ஹார்ட்வெயார் கடை நைலோன் கயிற்றில் ஆள் இறக்கிய காலம் போய்விட்டது. காசு கொடுத்து வாங்கி, படமெடுத்துக் காட்டக்கூடியவை என்பதால் அவற்றில் முன்னேறுவது எளிதாக இருந்தது என்பது என் கருத்து. போகாமல் நிறுத்திய பயணத்தை யாரும் படமெடுத்துப் போடுவதில்லை.

இதைச் சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் எழுப்பும் மறுப்பு ஒன்றுண்டு: நான் நிறுத்தினால் பக்கத்து நிறுவனம் அதே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், இழப்பு எனக்கு, இலாபம் அவனுக்கு, ஆபத்து அப்படியே இருக்கும். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதனாலேயே இம்மடலைத் தனித்தனியாக அனுப்பாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஓரிடத்தில் ஒரு வழிகாட்டி நிறுத்திய பயணத்தை அன்றைய தினம் அந்த ஓடையில் வேறெந்த நிறுவனமும் நடத்துவதில்லை என்ற உடன்பாடு நமக்குள் வேண்டும். செலவைப் பொறுத்தவரை, ஒரு பயணியிடம் நாம் வாங்கும் கட்டணத்தில் வழிகாட்டியின் நாட்கூலி எவ்வளவு சிறிய பங்கு என்பதை நம் கணக்குப் புத்தகங்களே சொல்லும். ஒவ்வொரு முன்பதிவிலும் சிறு தொகையை மழை நாள் கூலிக்கென ஒதுக்கி வைத்தால், டொலரில் கட்டணம் செலுத்துகிறவர் அந்த வித்தியாசத்தை உணரவும் மாட்டார்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைகளையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் லயங்கள் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்சரிவில் புதைந்ததை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைக் குலைத்துப்போட்டதன் தழும்புகள் மலைச்சரிவுகளில் இன்னும் தெரிகின்றன. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டால் அங்கே எந்தப் பயணமும் கூடாது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது என நம்புகிறேன். ஆனால் நம் வழிகாட்டிகளில் பலர் அதே எச்சரிக்கைக்கு உட்பட்ட லயங்களில் குடியிருப்பவர்கள் என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. தன் தாயையும் பிள்ளைகளையும் பாடசாலைக் கட்டடத்துக்கு இடம்மாற்ற வேண்டிய நாளில், எச்சரிக்கை இல்லாத வேறொரு பிரிவுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும்படி அவரைக் கேட்பது எந்த வகையிலும் முறையாகாது. அந்த நாளும் கூலியுடன் கூடிய நாளாகவே இருக்க வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதியைப் பற்றியும் இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. தேயிலைக் கொழுந்து பறித்த தாய்க்கு ஈ.பி.எப். இலக்கம் இருக்கிறது, பாறைச் சுவரில் அந்நியர்களின் உயிரைக் கையில் பிடித்திருக்கும் மகனுக்கு அது இல்லை. நாளுக்கு நாள் அழைக்கிறோம் என்பதால் அவர் நம் ஊழியர் அல்லர் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்பதை நீங்களே யோசியுங்கள்.

ஒக்டோபர் பிறப்பதற்கு முன் ஒரு நாள் பண்டாரவளையிலோ ஹட்டனிலோ நாம் கூட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வழிகாட்டிகளையும் அழைத்து, அவர்களை முதலில் பேசவைப்போம். முன்பதிவுப் படிவங்களிலும் முகவர்களுடனான உடன்படிக்கைகளிலும் நாம் அனைவரும் ஒரே மாதிரியாகச் சேர்க்கக்கூடிய வாசகமொன்றை இப்போதே உங்கள் முன் வைக்கிறேன்:

“மழை, நீர்மட்டம், மின்னல் அல்லது மண்சரிவு அபாயம் காரணமாகத் தலைமை வழிகாட்டி எந்த நேரத்திலும் பயணத்தை நிறுத்தலாம். அவரது முடிவை நிறுவனமோ முகவரோ பயணியோ மாற்ற முடியாது. அந்நாளுக்குரிய கூலி வழிகாட்டிகள் அனைவருக்கும் முழுமையாக வழங்கப்படும்.”

திருத்தங்கள் இருந்தால் எழுதி அனுப்புங்கள். வெளிநாட்டு முகவர்களுக்கான அடுத்த பருவத்து விலைப்பட்டியலை நாம் அனுப்புவதற்கு முன் இதில் உடன்பட்டால்தான், மழை நாள் கூலிக்குரிய தொகையை அந்த விலையிலேயே சேர்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
உங்கள் தொழிலில் உள்ள ஒருவர்,
பண்டாரவளை